குழந்தையின் குடல் அடைத்துக்கொண்டால்: வேலூர் வட்டாரப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

நன்றாகப் பால் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்த ஏழு மாதக் குழந்தை திடீரென்று வீறிட்டு அழுகிறது. இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கிக்கொள்கிறது, முகம் வெளுக்கிறது, நெற்றி வியர்க்கிறது. இரண்டு மூன்று நிமிடங்களில் அழுகை அடங்கி, ஒன்றுமே நடக்காததுபோலத் தாயின் தோளில் சாய்ந்து கண்ணயர்கிறது. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே வீறிடல், அதே மடக்கல். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் “பல்லு மொளைக்குது, அதான் அழுவுது” என்று ஆறுதல் சொல்வார்கள். பக்கத்து வீட்டு ஆயா “ஒரம் வுழுந்திருக்கும், எடுத்தா சரியாப்பூடும்” என்பார். இரண்டுமே அன்பில் வரும் பேச்சுதான். ஆனால் இப்படி விட்டுவிட்டு வரும் வலியின் ஆபத்தே இடையில் வரும் அந்த ஓய்வில் இருக்கிறது. குழந்தை தேறிவிட்டது என்று நம்பி வீட்டார் ஓர் இரவைக் கடத்திவிடுகிறார்கள். அந்த ஓர் இரவுக்குள் குடலின் ஒரு பகுதி ரத்த ஓட்டமின்றி அழுகிப்போகக்கூடும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டில், பெரிய மருத்துவமனைக்கு ஆட்டோவில் போய்விடக்கூடிய சத்துவாச்சாரிக் குடும்பத்துக்கும், பீஞ்சமந்தையிலிருந்தோ ஜமுனாமரத்தூரிலிருந்தோ மலையிறங்கி வர வேண்டிய குடும்பத்துக்கும் நேரக் கணக்கு ஒன்றல்ல. தொலைவில் இருப்பவர்கள் இன்னும் சீக்கிரமாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. எந்த அறிகுறியைப் பார்த்தால் அரை மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, வழியில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, மருத்துவமனையில் என்னென்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருப்பவர்களுக்கு அந்த முடிவை எடுப்பது எளிது.

அடைப்பு என்றால் உள்ளே நடப்பது என்ன?

குடல் எப்போதும் சுருங்கி விரிந்து, உண்டதையும் சுரந்த நீரையும் காற்றையும் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கிறது. எங்கேனும் ஓரிடத்தில் வழி மூடிக்கொண்டால், அதற்கு மேலே உள்ள பகுதியில் நீரும் காற்றும் தேங்குகின்றன, வயிறு உப்புகிறது, தேங்கியது வாந்தியாக மேலேறுகிறது. கீழே மலமும் காற்றும் போவது குறைந்து பிறகு நின்றே விடுகிறது. வாந்தியிலும், வீங்கிய குடலுக்குள்ளும் உடம்பின் நீரும் உப்பும் போய்ச் சேர்வதால் குழந்தை வேகமாக வறண்டுபோகிறது. பெரியவர்கள் ஒரு நாள் தாங்கும் இழப்பைக் கைக்குழந்தை சில மணி நேரம்கூடத் தாங்காது.

வழி மூடியிருப்பது ஒரு சிக்கல். மூடிய இடத்தில் குடலுக்குப் போகும் ரத்தக் குழாய்களும் நெருக்கப்படுவது அதைவிடப் பெரிய சிக்கல். அப்படி நெருக்கப்பட்ட குடல் முதலில் வீங்கி, பிறகு கறுத்து, கடைசியில் ஓட்டை விழுகிறது. அப்போது கிருமிகள் வயிற்றுக்குள் பரவி ரத்தத்திலும் கலக்கின்றன. மருத்துவர்கள் மணிக்கணக்கைப் பற்றி அவ்வளவு கவலைப்படுவது இதனால்தான்.

பிறந்த முதல் நாட்கள்

குழந்தையின் வயதைக் கேட்டவுடனேயே அனுபவமுள்ள மருத்துவர் காரணத்தைப் பாதி ஊகித்துவிடுவார். பிறந்த சில நாட்களுக்குள் வரும் அடைப்பு பெரும்பாலும் பிறவிக் குறையால் வருவது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய அனைவரும் முதல் 48 மணி நேரத்துக்குள் காட்டுப்பீ எனப்படும் கரும்பச்சை மலத்தைக் கழித்துவிடுவார்கள். பெரும்பாலோர் முதல் நாளே கழித்துவிடுவார்கள். இரண்டு நாளாகியும் அது போகவில்லை என்றால், பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய் முதலியவற்றைச் சோதித்தே ஆக வேண்டும். ஆசனவாய்த் துளையே இல்லாமலோ, தவறான இடத்தில் சிறு துளையாகவோ பிறக்கும் குழந்தைகளும் உண்டு. பிரசவ அறையிலேயே செவிலியர் இதைப் பார்த்துவிடுவார் என்றாலும், முதன்முதலாகக் குளிப்பாட்டும் பாட்டியும் ஒருமுறை பார்த்துவைப்பது நல்லது. முன்சிறுகுடல் மூடியே பிறக்கும் குறையும் உண்டு. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளிடம் இது மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது.

பச்சை வாந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பால் குடித்த குழந்தை வாயோரம் கக்குவது இயல்பானது. அது வெள்ளையாகவோ தயிர்போல் திரிந்தோ இருக்கும். ஆனால் பித்தம் கலந்து அடர்ந்த பச்சை நிறத்தில் வாந்தி வந்தால், இரைப்பைக்குக் கீழே எங்கோ வழி அடைபட்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். கருவில் குடல் சரியான முறையில் சுழன்று அதனதன் இடத்தில் பதியாத குழந்தைகளுக்கு, முழுச் சிறுகுடலும் தன் ரத்தக் குழாயையே அச்சாகக் கொண்டு முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. பெரும்பாலும் முதல் மாதத்துக்குள், பல சமயம் வயிறு உப்பாமல்கூட, பச்சை வாந்தி ஒன்றை மட்டுமே காட்டி இது வரும். முறுக்கைச் சில மணி நேரத்துக்குள் அவிழ்க்காவிட்டால் சிறுகுடல் முழுவதையும் இழக்க நேரிடலாம். ஆகவே, கைக்குழந்தை ஒரே ஒரு தடவை பச்சையாக வாந்தி எடுத்தாலும், குழந்தை பார்வைக்குத் தெம்பாக இருந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும், அன்றே அப்போதே கிளம்புங்கள். என்னைக் கேட்டால், பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு தாய்க்கும் இந்த ஒன்றையாவது சொல்லி அனுப்ப வேண்டும்.

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம்வரை, பால் குடித்த உடனேயே சற்றுத் தொலைவில் போய் விழும்படி பீறிட்டு வாந்தி எடுத்து, மறுபடியும் பசியோடு பால் தேடும் குழந்தைகளும் உண்டு. இந்த வாந்தியில் பச்சை நிறம் இருக்காது. இரைப்பையின் வெளிவாயில் தசை தடித்து அடைப்பதால் வருவது இது. உடம்பின் உப்புச் சமநிலையைச் சரிசெய்தபின் ஒரு சிறு அறுவையில் முழுமையாகக் குணமாகிவிடும்.

குடல் செருகல்

மூன்று மாதம் முதல் மூன்று வயதுவரை உள்ள குழந்தைகளின் குடல் அடைப்புக்கு முதன்மையான காரணம் குடல் செருகல். தொடக்கத்தில் சொன்ன ஏழு மாதக் குழந்தைக்கு நேர்வது இதுவாகத்தான் இருக்கும். முழுக்கைச் சட்டையைக் கழற்றும்போது கைப்பகுதி தனக்குள்ளேயே மடிந்து போவதுபோல, குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துகொள்கிறது. பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதிதான் பெருங்குடலுக்குள் போகிறது. உள்ளே போன குடலோடு அதன் ரத்தக் குழாய்களும் இழுபட்டு நெருக்கப்படுகின்றன. குடல் சுருங்கும்போதெல்லாம் செருகிய பகுதி இன்னும் உள்ளே தள்ளப்படுவதால் வலி அலையலையாக வருகிறது. சுருக்கம் ஓய்ந்தால் வலியும் ஓய்கிறது.

இது அதிகம் வருவது 4 முதல் 10 மாதம்வரையில், அதிலும் ஆண் குழந்தைகளுக்குச் சற்றுக் கூடுதலாக. பெரும்பாலான கைக்குழந்தைகளிடம் திட்டவட்டமான காரணம் எதுவும் கிடைப்பதில்லை. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்ற வைரஸ் தொற்றுக்குப் பிறகு சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உள்ள நிணநீர்த் திசுக்கள் வீங்கி, அந்த வீக்கத்தையே குடல் உணவென்று எண்ணி முன்னோக்கித் தள்ளுவதால் செருகல் தொடங்குகிறது என்று கருதப்படுகிறது. குழந்தைக்கு முந்தைய வாரம் சளி இருந்ததா என்று மருத்துவர் கேட்பது இதற்காகத்தான். தாய் சாப்பிட்ட எதுவும், கூழோ கேழ்வரகுக் களியோ தொடங்கியதும் இதற்குக் காரணமல்ல. “நீ கண்டதைத் தின்னதுதான்” என்று மருமகளைக் குறை சொல்வதை வீட்டார் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். மூன்று வயதைத் தாண்டிய பிள்ளைக்குச் செருகல் வந்தால் மட்டும், குடலில் பிறவிப் பையோ, சதை வளர்ச்சியோ, நிணநீர்க் கட்டியோ முனையாக நின்று இழுத்திருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். கால்களிலும் பிட்டத்திலும் செந்நிறத் தடிப்புகளோடு மூட்டுவலியும் வயிற்றுவலியும் வரும் ரத்தக்குழாய் அழற்சி ஒன்றிலும் இது நேரலாம்.

விட்டுவிட்டு வரும் வலி, வாந்தி, சளியும் ரத்தமும் கலந்து கருஞ்சிவப்பில் கொழகொழவென்று வரும் மலம் ஆகிய மூன்றையும் இதன் அடையாளங்களாகப் பாடப் புத்தகங்கள் சொல்லும். மூன்றும் ஒருங்கே தெரிவது பாதிக்கும் குறைவான குழந்தைகளிடம்தான். அதிலும் ரத்தம் கலந்த மலம் கடைசியில் வருவது. ஆகவே ரத்தம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கவே கூடாது. சில குழந்தைகள் அழவே மாட்டார்கள். கூப்பிட்டால் திரும்பாமல், முகம் வெளிறி, துவண்டு கிடப்பார்கள். காய்ச்சலால் வந்த அசதி என்றோ மூளைக் காய்ச்சல் என்றோ மயங்கவைக்கும் இந்தத் துவளல் குடல் செருகலின் ஒரே அறிகுறியாகவும் இருக்கலாம். அனுபவமுள்ள மருத்துவர் மெல்லத் தொட்டுப் பார்த்தால், வலப்பக்க விலாவுக்குக் கீழே நீளவாக்கில் திரண்ட கட்டி ஒன்று கைக்குத் தட்டுப்படலாம். நீங்கள் வீட்டில் அழுத்தித் தேட வேண்டாம்.

மற்றக் காரணங்கள்

அரையில் வரும் குடலிறக்கம், முக்கியமாகக் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தைகளிடம் அடிக்கடி காணப்படுவது. அழும்போது தொடை இடுக்கில் புடைத்து, தூங்கும்போது உள்ளே போய்விடும் வரை அவசரமில்லை, ஆனால் அறுவைக்கு நாள் குறித்துவிட வேண்டும். முதல் வயதில்தான் குடல் சிக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். புடைப்பு உள்ளே போகாமல், கல்லாக இறுகி, தொட்டால் குழந்தை துடித்தால் அது அவசரம். குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் தொடை இடுக்கைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நிறையக் குழந்தைகளை அழுகை என்று மட்டும் சொல்லிக் கொண்டுவருகிறார்கள், அரைத்துணியை அவிழ்த்த பிறகுதான் காரணம் தெரிகிறது. தொப்புள் புடைப்பு வேறு. அது பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானே மூடிவிடும். அதன்மேல் காசை வைத்துத் துணி சுற்றிக் கட்டுவதால் தோல் புண்ணாவதைத் தவிரப் பயன் எதுவுமில்லை.

ஓடியாடும் பிள்ளைகளிடம் வேறு காரணங்கள் சேர்கின்றன. நாக்குப்பூச்சிகள் பெருகி உருண்டையாகத் திரண்டு சிறுகுடலை அடைப்பது முன்பு போல இப்போது இல்லை என்றாலும், கழிப்பறை வசதி குறைந்த ஊர்களில் நினைவில் வைத்திருக்க வேண்டியது. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் நடக்கும் குடற்புழு நீக்க முகாமில், ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு 200 மில்லிகிராம், அதற்கு மேல் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் தருகிறார்கள், அதைத் தவறவிடாதீர்கள். ஆனால் வயிறு உப்பி, பிள்ளை வாந்தி எடுக்கும் நேரத்தில் புழு மருந்தை வீட்டில் கொடுக்கக் கூடாது. பூச்சிகள் செயலிழந்து ஒரே இடத்தில் சேர்ந்து அடைப்பு இறுகலாம். அடைப்பு நீங்கியபின் மருத்துவரே தருவார்.

விளையாட்டுப் பொருட்களில் வரும் சிறு காந்த மணிகள் இரண்டு மூன்றை விழுங்கிவிட்டால், குடலின் இரு மடிப்புகளுக்கு அப்பாலிருந்து ஒன்றையொன்று இழுத்து, இடையில் சிக்கிய குடற்சுவரை அறுத்துவிடும். நீரில் ஊறிப் பெருக்கும் வண்ண மணிகளும் குடலுக்குள் பெரிதாகி அடைக்கும்; எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால், விழுங்கியதைப் பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. முன்பு வயிற்றில் அறுவை நடந்த பிள்ளைக்கு உள்ளே ஏற்பட்ட ஒட்டுகளாலும், சிலருக்கு வயிற்றுக் காசநோயாலும் அடைப்பு வரலாம். கடும் வயிற்றுப்போக்கில் பொட்டாசியம் குறைந்தோ, வயிற்றுப்போக்கை நிறுத்த லோபரமைடு போன்ற மாத்திரைகளைக் குழந்தைக்குக் கொடுத்ததாலோ குடல் செயலற்றுப்போய் அடைப்பைப் போலவே வயிறு உப்புவதும் உண்டு. மருந்துக்கடையில் கேட்டு அந்த மாத்திரையை வாங்காதீர்கள். சிறு குழந்தைகளுக்கு அது ஏற்றதல்ல. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்., தாய்ப்பால், 14 நாள் துத்தநாக மருந்து ஆகியவையே சரியான வழி.

சாதாரண மலச்சிக்கல் இவை எல்லாவற்றையும்விட மிகுதியாகக் காணப்படுவது. அதில் பிள்ளை விளையாடும், சாப்பிடும், கடினமாக மலம் கழிக்கும். பச்சை வாந்தி எடுக்காது, துவளாது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாட்களுக்கு ஒருமுறையே மலம் கழித்தாலும், மலம் மிருதுவாக இருந்து, வயிறும் தளர்ந்து, பாலும் குடித்தால் கவலை வேண்டாம்.

வீட்டில் என்ன செய்வது, எதைத் தவிர்ப்பது

அடைப்பு என்ற சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து வாய்வழியாக எதுவும் கொடுக்காதீர்கள். பாலோ தண்ணீரோ ஓ.ஆர்.எஸ்ஸோ கொடுத்தால் அது தேங்கி மறுபடியும் வாந்தியாகும், மூச்சுக் குழாய்க்குள்ளும் போகலாம். சங்கில் விளக்கெண்ணெய் புகட்டுவது, வசம்பு உரைத்துக் கொடுப்பது, கிரைப் வாட்டர், பேதி மருந்து, சோப்புத் தண்ணீர் எனிமா எதுவும் வேண்டாம். அடைபட்ட குடலை விளக்கெண்ணெய் இன்னும் வேகமாகச் சுருங்கவைக்கும். வலி மருந்தையும் நீங்களாகக் கொடுக்காமல் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

நம் பக்கத்தில் இன்றும் பரவலாக இருக்கும் சில வழக்கங்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தொக்கம் எடுப்பதாகச் சொல்லி வயிற்றை நீவி அழுத்துவது, குடலேற்றம் என்று தலைகீழாகப் பிடித்துத் தட்டுவது, உரம் எடுக்கத் துணியில் போட்டு உருட்டுவது, மாந்தம் என்று அடிவயிற்றில் சூடு வைப்பது ஆகியவை குடல் அடைப்புள்ள குழந்தைக்கு உயிராபத்தானவை. வீங்கிய குடல் அழுத்தத்தில் கிழியலாம். எடுத்தபின் குழந்தை அமைதியாவது மருத்துவம் பலித்ததால் அல்ல; வலியின் அலை ஓய்ந்த நேரமாக அது இருந்திருக்கும், அல்லது குழந்தை அழவும் தெம்பற்றுப் போயிருக்கும். பெரியவர்களின் மனம் புண்படுமே என்று தயங்கும் இளம் தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: “முதல்ல ஆஸ்பத்திரியில காட்டிட்டு வந்துடறோம் அத்தை, அப்புறம் நீங்க சொல்றதப் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம். அதில் யாருக்கும் அவமரியாதை இல்லை.

கிளம்புவதற்கு முன் சில நிமிடங்களில் செய்யக்கூடியவை உண்டு. குழந்தை வீறிடும் ஓர் அலையைக் கைபேசியில் படமெடுங்கள். மருத்துவர் பார்க்கும் நேரத்தில் குழந்தை அமைதியாக இருக்கக்கூடும், அப்போது அந்தப் படம் நிறையப் பேசும். வாந்தி பட்ட துணியையும் மலம் பட்ட அரைத்துணியையும் அலசாமல் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடைசியாகப் பால் குடித்தது, மலம் போனது, சிறுநீர் கழித்தது எப்போது என்பதை மனத்தில் வையுங்கள். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, நாக்கு வறண்டிருக்கிறது என்றால் நீரிழப்பு முற்றிவிட்டது. தடுப்பூசி அட்டை, பழைய மருத்துவச் சீட்டுகள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை ஆகியவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

எங்கே போவது?

குழந்தை அறுவை சிகிச்சை நிபுணரும், இரவிலும் ஸ்கேன் எடுக்கும் வசதியும் உள்ள இடமே இதற்கு ஏற்றது. வேலூர் சுற்றுவட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவமனையும் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் முதலில் நினைவுக்கு வருபவை. போளூர், ஜவ்வாது மலைப் பக்கத்தவர்களுக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் இருக்கலாம். அரக்கோணத்திலிருந்து சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போவதும் பொருத்தமே. 108 ஆம்புலன்ஸ் கட்டணமில்லாமல் வரும். அழைக்கும்போதே “கைக்குழந்தை, பச்சை வாந்தி” என்று சொல்லுங்கள். அந்த நேரத்தில் எங்கே நிபுணர் இருக்கிறார் என்று விசாரித்துக் கொண்டுபோகச் சொல்லிக் கேளுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மலைக் கிராமங்கள் என்று தொலைவிலிருந்து வருபவர்கள், குழந்தை துவண்டிருந்தால், வழியில் உள்ள வட்டார மருத்துவமனையில் நிறுத்தி ஊசி போட்டுக் குளுக்கோஸ் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலிசெய்துகொண்டு தொடர்வது நல்லது. வறண்டுபோன குழந்தையை அப்படியே இரண்டு மணி நேரம் வண்டியில் கொண்டுபோவதைவிட இது பாதுகாப்பு. அதற்காக “காலையில பெரிய டாக்டர் வருவார்” என்று அங்கேயே இரவு தங்கிவிடாதீர்கள். பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு அதே ஆம்புலன்ஸில் புறப்படுங்கள். வழியில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கதகதப்பாகப் போர்த்தி வைத்திருங்கள்.

மருத்துவமனையில் நடப்பவை

வந்தவுடன் அறுவை அறைக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் குழந்தையைத் தேற்றுவார்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலிட்டர் என்ற கணக்கில் உப்புநீரை நரம்பு வழியாக ஏற்றுவார்கள், ரத்தத்தில் உப்பும் சர்க்கரையும் சோதிப்பார்கள், மூக்குக் குழாய் வழியாகத் தேங்கிய நீரை வெளியேற்றுவார்கள், தேவைப்பட்டால் கிருமிக்கொல்லி மருந்து தொடங்குவார்கள். இதற்குச் சில மணி நேரம் பிடிக்கலாம். உடனே அறுக்காமல் ஏன் காத்திருக்கிறார்கள் என்று பெற்றோர் பதறுவது இயல்பு. நீரிழப்போடு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்பதால் இந்தத் தேற்றலும் சிகிச்சையின் பகுதியே. குடல் முறுக்கு மட்டும் விதிவிலக்கு, அதில் தேற்றிக்கொண்டே அறுவைக்குப் போவார்கள்.

குடல் செருகலை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் தெளிவாகக் காட்டிவிடும். குறுக்குவாட்டில் பார்த்தால் வளையத்துக்குள் வளையமாகத் தெரியும். குடலில் ஓட்டை விழுந்த அறிகுறிகள் இல்லாவிட்டால், பெரும்பாலும் கத்தி வைக்காமலே சரிசெய்ய முயல்வார்கள். ஆசனவாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, காற்று கசியாதபடி ஒட்டி, பிட்டங்களை ஒருவர் கையால் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். அழுத்தமானியோடு இணைந்த பம்பால் காற்றை 80 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தொடங்கி 120ஐத் தாண்டாமல் செலுத்துவார்கள். எக்ஸ்ரே திரையில் செருகிய குடலின் உருண்ட தலை தெரியும். காற்று ஏற ஏற அது பெருங்குடலில் பின்வாங்கி, வலப்பக்க அடிவயிற்றுக்கு வந்து, அங்கே சற்று முரண்டு பிடித்து நிற்கும். பிறகு ஒரு கணத்தில் மறைந்து, சிறுகுடல் மடிப்புகளுக்குள் காற்று பாயும். அந்தக் கணத்தில் செருகல் விடுபட்டது. அதுவரை முனகிக்கொண்டிருந்த குழந்தை பல சமயம் அங்கேயே தூங்கிப்போகும். பல மருத்துவமனைகளில் காற்றுக்குப் பதிலாக உப்புநீரைப் பயன்படுத்தி ஸ்கேனிலேயே பார்த்துச் செய்கிறார்கள். அதில் கதிர்வீச்சு இல்லை.

சீக்கிரம் வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இந்த முறை பலிக்கிறது; கைதேர்ந்த மையங்களில் பத்துக்கு எட்டு, ஒன்பது என்ற அளவில். தாமதித்தால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். அரிதாக, நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாக, இதைச் செய்யும்போதே குடலில் ஓட்டை விழலாம். அறுவை மருத்துவர் தயாராக இருக்கும் இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும் என்பது அதனாலேயே. முயற்சி பலிக்காவிட்டாலோ வயிறு இறுகிக் காய்ச்சல் ஏறியிருந்தாலோ அறுவை செய்வார்கள். செருகிய குடலை வெளியே இழுக்காமல், மறுமுனையிலிருந்து மெல்லப் பிதுக்கி விடுவிப்பார்கள். கறுத்துப்போன பகுதியை மட்டும் வெட்டி நீக்கி முனைகளை இணைப்பார்கள். சில அங்குலக் குடலை இழப்பதால் குழந்தையின் வளர்ச்சி பொதுவாகத் தடைபடாது.

மற்றவற்றின் சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. இறுகிய குடலிறக்கத்தை மருத்துவர் தூக்க மருந்து கொடுத்து மெல்ல உள்ளே தள்ளி, வீக்கம் தணிந்தபின் ஓரிரு நாளில் அறுவை செய்வார். உள்ளே போகாவிட்டால் உடனே செய்வார். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயிலும் ஆசனவாய்க் குறையிலும் வயிற்றில் தற்காலிகமாக மலவழி ஒன்றை வைத்து, சில மாதம் கழித்து இயல்பான வழியைச் சீர்செய்து, பிறகு அதை மூடுவது உண்டு. வயிற்றில் பையோடு குழந்தையைப் பார்த்துத் தாய் மனம் உடைவது எனக்குப் புரிகிறது. வார்டு செவிலியர் கற்றுத்தரும்படி தோலைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருந்தால் அந்த மாதங்கள் கடந்துவிடும். ஒட்டுகளாலும் பூச்சிகளாலும் வரும் அடைப்பு, பலருக்கு உணவை நிறுத்தி, குழாய் விட்டு, நரம்பு வழியாக நீரேற்றினாலே இறங்கிவிடும். இறங்குகிறதா என்று மருத்துவர் ஒவ்வொரு சில மணி நேரமும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்.

வீடு திரும்பிய பின்

காற்றால் விடுவித்த குடல் செருகல் பத்தில் ஒரு குழந்தைக்கு மறுபடியும் வரலாம், பல சமயம் முதல் இரண்டு மூன்று நாளுக்குள்ளேயே. அதே அழுகை திரும்பினால் அதே மருத்துவமனைக்கு அப்போதே போங்கள். மறுபடியும் அதே முறையில் விடுவிக்க முடியும். தாய்ப்பாலை மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து வழக்கம்போலத் தொடரலாம், தனிப் பத்தியம் எதுவும் தேவையில்லை. அறுவை நடந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள்: பிள்ளை பள்ளிக்குப் போகும் வயதில் வயிறு உப்பிப் பச்சை வாந்தி எடுத்தால், ‘முன்பு வயிற்றில் அறுவை நடந்தது’ என்ற ஒரு வரி புதிய மருத்துவருக்கு வழிகாட்டும்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தைப் பற்றிப் பலர் அச்சத்தோடு கேட்கிறார்கள். 1998இல் அமெரிக்காவில் அறிமுகமான முதல் ரோட்டா தடுப்பு மருந்து குடல் செருகலைக் கூட்டியதால் 1999இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தப் பேச்சின் எச்சமே இந்த அச்சம். இப்போது நம் அரசுத் திட்டத்தில் இருப்பது வேறு மருந்து. இந்தியாவில் உருவான ரோட்டாவேக் மருந்தின் பெரிய சோதனை நடந்த இடங்களில் டெல்லி, புனேயோடு வேலூரும் ஒன்று, இங்கே சி.எம்.சி.யில் அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர் ககன்தீப் காங். 2016இல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தபின் பல மாநில மருத்துவமனைகளில் குடல் செருகல் வந்த குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், இந்த மருந்தால் அபாயம் கூடியதாகத் தெரியவில்லை. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பதை அது குறைக்கிறது. 6, 10, 14ஆம் வாரங்களில் தவறாமல் கொடுங்கள். உங்கள் குழந்தைக்கு ஏற்கெனவே குடல் செருகல் வந்திருந்தால் மட்டும், சொட்டு மருந்து கொடுப்பதற்கு முன் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அந்தக் குழந்தைக்கு மட்டும் ரோட்டா மருந்தைத் தவிர்த்து, மற்றத் தடுப்பூசிகளை வழக்கம்போலப் போடுவார்கள்.